இரண்டு பிளாட்பாரமும் இல்லாத ஊர்

போன மாதம் அக்கா மகன் ஒரு எக்செல் கோப்பு அனுப்பியிருந்தான். அமெரிக்காவில் எம்.எஸ். முடிக்கப் போகிறான், கையில் இரண்டு வேலை. ஒன்று கொலம்பஸில், இன்னொன்று கன்சாஸ் சிட்டியில். "மாமா, நீங்க ரெண்டு ஊரையும் பாத்திருக்கீங்க. எது நல்ல ஊரு? ஒரே வார்த்தைல சொல்லுங்க" என்று கீழே ஒரு வரி. திறந்து பார்த்தால் பதினாலு பத்தி. சம்பளம், வாடகை, மாநில வரி, கார் இன்ஷூரன்ஸ், குளிர், இந்திய மளிகைக் கடை எத்தனை மைல், கோயில் எத்தனை மைல். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், அதற்கு ஒரு வெயிட்டேஜ், கடைசியில் கூட்டுத்தொகை. கொலம்பஸ் 71, கன்சாஸ் சிட்டி 68.

மனைவியிடம் காட்டினேன். "2016ல நீங்க போட்டதை இவன் எங்கேருந்து எடுத்தான்?" என்றாள். உண்மைதான். நான் போட்ட கோப்பு பழைய மடிக்கணினியில் இன்னும் கிடக்கிறது. அதில் மூன்று ஊர்கள்: நாங்கள் அப்போது இருந்த பிட்ஸ்பர்க், அப்புறம் ராலே, கொலம்பஸ். கொலம்பஸ் ஜெயித்தது, மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். வேலை நன்றாக இருக்கிறது, மகளின் பள்ளி நன்றாக இருக்கிறது, பிட்ஸ்பர்க்கில் இருந்த வீட்டைப்போல ஒன்றரை மடங்கு வீடு. குறை சொன்னால் நாக்கு அழுகும். ஆனாலும் அந்தக் கூட்டலில் எங்கோ ஒரு தப்பு இருக்கிறது என்று 2018 கோடையிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. மருமகனுக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாமல் மூன்று வாரமாக இழுத்தடிப்பதற்கும் அதுதான் காரணம். உறுத்தலுக்குக் காரணம் என் அப்பா.

61சி

அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கார் ஓட்டத் தெரியாது. திருச்சியில் அறுபது வருஷம் சைக்கிளிலும் டவுன் பஸ்ஸிலும் ஓட்டியவருக்கு அது ஒரு குறையாகத் தோன்றியதும் இல்லை. 2014ல் அம்மாவோடு முதல்முறை வந்தபோது நாங்கள் பிட்ஸ்பர்க்கின் ஸ்குவிரல் ஹில் பகுதியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். தொண்ணூறு வயதான செங்கல் வீடு. குளிர்காலத்தில் குழாய் விசிலடிக்கும், அடித்தளத்தில் ஈரவாடை. ஆனால் படியிறங்கி ஏழு நிமிஷம் நடந்தால் மர்ரே அவென்யூவும் ஃபோர்ப்ஸ் அவென்யூவும் சந்திக்கிற முக்கு. அங்கே மருந்துக்கடை, காய்கறிக்கடை, தபாலாபீஸ், ஒரு சினிமா தியேட்டர், மூலையில் கண்ணாடிச் சுவரோடு கார்னகி நூலகத்தின் கிளை.

வந்த நான்காம் நாளே அப்பா தனியாகக் கிளம்பிவிட்டார். இரண்டாவது வாரம் 61சி பஸ்ஸில் ஏறினார். அந்தக் காலத்தில் பிட்ஸ்பர்க் பஸ்ஸில் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. டவுன்டவுனை நோக்கிப் போகிற பஸ்ஸில் ஏறும்போதே காசு போட வேண்டும். டவுன்டவுனிலிருந்து வெளியே போகிற பஸ்ஸில் இறங்கும்போது போட வேண்டும். மாலை ஏழு மணிக்கு மேல் என்றால் அதற்கு வேறு கணக்கு. 2017ல்தான் இதை நிறுத்தினார்கள். ஐந்து வருஷம் அந்த ஊரில் இருந்த எனக்கே அவ்வப்போது குழப்பம் வரும், அப்பா இரண்டே நாளில் பிடித்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுத்தார். 65 வயது ஆனவர்களுக்கு அங்கே பஸ் இலவசம், அந்தப் பணம் பென்சில்வேனியா மாநில லாட்டரியிலிருந்து வருகிறது என்று தெரிந்தபோது அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. 2003ல் தமிழ்நாட்டில் லாட்டரியை ஒழிக்கும்வரை சுரண்டல் சீட்டில் சம்பளத்தைத் தொலைத்த சகாக்களை எல்லாம் பார்த்தவர். "நம்மூர்ல லாட்டரியால நடுத்தெருவுக்கு வந்தான், இங்க லாட்டரியால பஸ்ல ஏறுறான்" என்றார். அவருக்கு அப்போது 64. ஒரு வருஷம் முன்னாடியே வந்துவிட்டோமே என்று வருத்தம் வேறு.

ஒருநாள் மதியம் மூன்று மணி ஆகியும் ஆளைக் காணவில்லை. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். அம்மா வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். நாலரைக்குச் சிரித்துக்கொண்டே வந்தார். 61சியில் எதிர்த்திசையில் ஏறி ஆற்றைத் தாண்டி ஹோம்ஸ்டெட் போயிருக்கிறார். 1892 ஜூலையில் இரும்பு முதலாளி கார்னகியின் ஆலைத் தொழிலாளர்களுக்கும், கம்பெனி படகில் கொண்டுவந்து இறக்கிய பிங்கர்ட்டன் என்ற தனியார் காவல் நிறுவனத்தின் ஆட்களுக்கும் துப்பாக்கிச் சண்டை நடந்த இடம். 1946ல் பொன்மலையில் போலீஸ் சுட்டுத் தொழிலாளர்கள் செத்த கதையைக் கேட்டு வளர்ந்த சங்கத்துக்காரருக்கு அந்த இடத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஆலை 1986லேயே மூடியாகிவிட்டது. இப்போது அங்கே கடைத்தொகுதி, தியேட்டர், கார் நிறுத்துமிடம். பன்னிரண்டு புகைபோக்கிகளை மட்டும் நினைவுக்காக வரிசையாக நிற்க விட்டிருக்கிறார்கள். "எல்லாத்தையும் எண்ணிட்டு வந்தேன்" என்றார். பிட்ஸ்பர்க்கின் ஓக்லாந்து பகுதியில் 1895ல் அதே கார்னகி கட்டிக்கொடுத்த பெரிய நூலகத்தின் வாசலில் 'மக்களுக்கு இலவசம்' என்று கல்லில் வெட்டியிருப்பதை அதற்கு முந்தின வாரம்தான் பார்த்துவிட்டு வந்திருந்தார். "அவன் கொடுத்த கூலில கொஞ்சம் கூட்டிருந்தா அவனவன் புஸ்தகம் வாங்கிப் படிச்சிருப்பான்ல" என்று ஒரு போடு போட்டார். அமெரிக்கத் தொழிற்சங்க வரலாறு பற்றி அன்று இரவு எனக்கு அவர் பேசியதுபோல, நான் பிறந்ததிலிருந்து அவர் என்னிடம் அவ்வளவு நேரம் எதைப் பற்றியும் பேசியதில்லை.

பிட்ஸ்பர்க்கைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. வெயிலைக் காண்பதே அபூர்வம். காற்று அசையாத காலைகளில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், ஆற்றோரக் கரி ஆலைகள் இன்னும் முழுசாகப் போய்விடவில்லை. தெருவே செங்குத்தாக ஏறும். ஏற முடியாத இடத்தில் தெருவுக்குப் பதில் படிக்கட்டு கட்டியிருக்கிறார்கள். அப்படி ஊர் முழுக்க சுமார் 800 படிக்கட்டுகள். அம்மா ஒன்றைப் பார்த்துவிட்டு "மலைக்கோட்டைக்காவது மேலே பிள்ளையார் இருக்கார், இங்கே என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். காரை நிறுத்த இடம் கிடைக்காது. பனியை வாரிச் சுத்தம் செய்த இடத்தில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டுவிட்டுப் போனால் அது உங்கள் இடம், ஊரில் எவனும் தொட மாட்டான். ஜன்னல் வழியே துண்டு போட்டு பஸ் சீட் பிடிக்கிற நாட்டிலிருந்து வந்தவனுக்கு இதில் விளக்கம் தேவைப்படவில்லை.

இவ்வளவும் தெரிந்தேதான் 2016ல் எக்செல் போட்டேன். அதில் 'நடக்கிற வசதி' என்று ஒரு பத்தியே இருந்தது. பிட்ஸ்பர்க்குக்கு அதில் நல்ல மதிப்பெண்கூடக் கொடுத்திருந்தேன். வெயிட்டேஜ் மட்டும் நூற்றுக்கு ஐந்து. பள்ளிக்கு முப்பது.

கார் ரிப்பேரா?

கொலம்பஸில் நாங்கள் வாங்கிய வீடு நகரத்தின் வடக்கு ஓரத்தில். வளைந்து வளைந்து போகும் தெருக்கள், வீட்டுக்கு வீடு புல்வெளி, குளம், அதைச் சுற்றி வாத்துகள். 2018 ஜூனில் அப்பா மட்டும் வந்தார், அம்மா அதற்கு முந்தின வருஷம் தவறிவிட்டாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு அறையாக விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு "நல்லா இருக்குப்பா" என்றார். மறுநாள் காலை காபி குடித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டார்: "கடை எந்தப் பக்கம்?"

கடை ஒரு மைலுக்கும் குறைவு. ஆனால் எங்கள் குடியிருப்பின் வாசலில் இருக்கிற கல்தூணோடு நடைபாதை முடிந்துவிடும். அதற்கப்புறம் புல், பள்ளம், மறுபடி புல். பிறகு ஏழு தடங்கள் உள்ள சாலை. சிக்னலில் பொத்தானை அமுக்கிக் காத்திருந்தால் வெள்ளை மனிதப் படம் வரும். அப்பா வேகத்தில் நடந்தால் பாதியிலேயே சிவப்பு எண்கள் ஓட ஆரம்பித்துவிடும். நான் எச்சரித்தேன். சாயங்காலம் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். அவர் ஒரு வாரம் கேட்டார். எட்டாம் நாள், நான் ஆபீஸில் இருந்தபோது, மஞ்சள் துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ராத்திரி சாப்பிடும்போதுதான் சொன்னார். சாலையோரப் புல்லில் நடந்துகொண்டிருந்தாராம். ஒரு வேன் தாண்டிப் போய், மெதுவாகி, ஓரமாக நின்றதாம். நடுத்தர வயசுப் பெண்மணி ஒருத்தர் இறங்கி வந்து, "உங்கள் கார் ரிப்பேராகிவிட்டதா? யாருக்காவது போன் பண்ண வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார். இவர் "நோ கார்" என்றிருக்கிறார். அந்தம்மாவுக்குப் புரியவில்லை, அல்லது வேறு மாதிரி புரிந்துவிட்டது. முகம் வாடிப்போய், வற்புறுத்தி வண்டியில் ஏற்றி, கடை வாசலில் இறக்கிவிட்டு, தண்ணீர் பாட்டில் ஒன்றையும் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். "நல்ல மனசு. தங்கமான பொம்பளை" என்று சொல்லிவிட்டு அப்பா சிரித்தார். மகளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். தட்டைக் கழுவும்போது கவனித்தேன், வாங்கிவந்த பையில் ஆறு வாழைப்பழமும் ஒரு பொட்டலம் உப்பும் இருந்தன. உப்பு வீட்டில் தீரவில்லை.

அதற்கப்புறம் அவர் அந்தச் சாலைக்குப் போகவில்லை. குளத்தைச் சுற்றியே நடந்தார். காலையில் பத்து சுற்று, மாலையில் பத்து சுற்று. யாரும் அவரைத் தடுக்கவில்லை, யாரும் மோசமாக நடந்துகொள்ளவும் இல்லை. யார் மேலாவது கோபப்பட வழி இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

இன்னொன்றும் வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "இந்த ஊர் ரயில்வே ஸ்டேஷன் எங்கேப்பா இருக்கு?" நான் மழுப்பிக்கொண்டே இருந்தேன். ஓஹையோ மாநிலத்தின் தலைநகரில், கிட்டத்தட்ட ஒன்பது லட்சம் பேர் இருக்கிற ஊரில், ரயில் நிலையமே இல்லை என்று ரயில்வேக்காரரிடம் எப்படிச் சொல்வது? கடைசி ஆம்ட்ராக் ரயில் 1979ல் போனது. மெட்ரோவோ டிராமோ எதுவும் கிடையாது. ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை டவுன்டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போய், அரீனா பகுதியில் ஒரு சின்னப் பூங்காவில் நிற்கிற கல் வளைவைக் காட்டினேன். பழைய யூனியன் ஸ்டேஷனின் முகப்பில் இருந்தது. 1976ல் முகப்பை இடித்தபோது அந்த ஒரு வளைவு மட்டும் தப்பியது, பிறகு பெயர்த்துக்கொண்டு வந்து இங்கே நட்டுவைத்தார்கள். தனியாக, பின்னால் கட்டடம் எதுவும் இல்லாமல், வீட்டை இடித்த பிறகும் நிற்கிற நிலைப்படி மாதிரி இருக்கும். கல்யாண கோஷ்டி ஒன்று அதன் கீழ் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. அப்பா சுற்றி வந்து, கல்லில் கையை வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: "ரயிலுக்கும் பிளாட்பாரம் இல்ல. மனுசனுக்கும் பிளாட்பாரம் இல்ல."

காரில் திரும்பும்போது பேச்சே இல்லை. அந்த ஐந்து சதவீத வெயிட்டேஜை நான் யாருடைய காலை வைத்துப் போட்டேன் என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன். என் காலை வைத்துத்தான். அதுவும் நாற்பது வயசில், லைசென்ஸும் இரண்டு காரும் இருக்கிற என் காலை வைத்து.

எந்த ஊர், எவ்வளவு ஊர்

இப்படி ஆனது ஏன் என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். கொலம்பஸின் மேயராக 1950களிலும் 60களிலும் இருந்த சென்சன்பிரன்னர் ஒரு கெட்டிக்காரக் காரியம் செய்தார். நகரத்தின் குடிநீரும் சாக்கடையும் வேண்டுமா, உன் நிலத்தை நகரத்தோடு சேர், இல்லையென்றால் குழாய் வராது. சோளக்காடுகள் வரிசையாக வந்து சேர்ந்தன. அதனால்தான் கொலம்பஸ் இன்று சுமார் 220 சதுர மைல். பிட்ஸ்பர்க் 55தான். அதைச் சுற்றி இருப்பவை எல்லாம் தனித்தனிச் சிற்றூர்கள், நம்மூர் மாவட்டம் மாதிரியான அந்த ஒரு கவுன்ட்டியில் மட்டும் 130 உள்ளாட்சிகள். ஊர்களை ஒப்பிடுகிற பட்டியல்களில் 2020 கணக்குப்படி கொலம்பஸ் 9 லட்சம், பிட்ஸ்பர்க் 3 லட்சம் என்று பார்த்துவிட்டு, ஒன்று பெரிய ஊர், இன்னொன்று செத்துக்கொண்டிருக்கிற ஊர் என்று நினைப்போம். நானும் நினைத்தேன். சுற்றுவட்டாரத்தையும் சேர்த்து எண்ணினால் கொலம்பஸ் 21 லட்சம், பிட்ஸ்பர்க் 23 லட்சத்துக்கு மேல். நகர எல்லைக்கோட்டை எங்கே போட்டார்கள் என்பதைத்தான் நாம் மதிப்பெண் என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கோடு நல்லதும் செய்தது. வரி கொடுக்கிற புறநகரெல்லாம் உள்ளேயே இருந்ததால் கொலம்பஸ் மற்ற ஓஹையோ ஊர்களைப்போலத் தேயவில்லை. ஆனால் ஊரின் பெரும்பகுதி கார் வந்தபிறகு, காருக்காகவே வளர்ந்தது. கிளீவ்லாண்ட், கொலம்பஸ், சின்சினாட்டி மூன்றையும் இணைக்கிற ரயிலுக்கு மத்திய அரசு கொடுத்த 40 கோடி டாலரையும் 2010ல் புதிதாக ஜெயித்த ஆளுநர் வேண்டாம் என்றுவிட்டார், பணம் வேறு மாநிலங்களுக்குப் போனது. பிட்ஸ்பர்க்கின் தெருக்களோ டிராம் காலத்தில், மலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் நெருக்கியடித்து உண்டானவை. பிறகு இரும்பு போயிற்று, பணம் போயிற்று. 1950ல் 6.76 லட்சம் பேர் இருந்த நகரம் பாதிக்கும் கீழே வந்தது. ஸ்குவிரல் ஹில் மட்டும் ஏன் அவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சனிக்கிழமை வண்டி ஓட்டாத யூதக் குடும்பங்கள் அங்கே நிறைய. ஜெப ஆலயத்துக்கு நடந்து போக வேண்டுமென்றால் நடக்கிற தூரத்தில்தான் வீடு வேண்டும், அதனால் அவர்கள் புறநகருக்குப் பெயரவில்லை. மற்ற இடங்களில் இந்தக் கதை இப்படி முடியவில்லை. அதே பிட்ஸ்பர்க்கில் 1950களில் லோயர் ஹில் பகுதியை இடித்துத் தள்ளி, பெரும்பாலும் கறுப்பின மக்களான 8,000 பேரைக் கிளப்பிவிட்டு, ஒரு விளையாட்டு அரங்கம் கட்டினார்கள்.

கட்டியதைக் காப்பாற்றுவது வேறு பிரச்சினை. 2022 ஜனவரி 28 காலை அந்த ஊரில் ஃபெர்ன் ஹாலோ பாலம் அப்படியே பள்ளத்தில் உட்கார்ந்தது. அன்றைக்குத்தான் உள்கட்டமைப்பு பற்றிப் பேச அதிபர் பைடன் அதே ஊருக்கு வந்துகொண்டிருந்தார். பாலத்தின் மேல் ஒரு 61பி பஸ் இருந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. திருச்சியிலிருந்து அப்பா உடனே போன் பண்ணினார்: "நம்ம பஸ்ஸாப்பா?" இல்லை, உங்களுடையது சி என்றேன்.

கன்சாஸ் சிட்டியில் 2017ல் ஒரு புராஜெக்டுக்காக எட்டு மாதம் வாராவாரம் போய்வந்தேன். அப்போது டிராம் ஓட ஆரம்பித்து ஒரு வருஷம்தான், ரிவர் மார்க்கெட்டிலிருந்து யூனியன் ஸ்டேஷன்வரை இரண்டு மைல். டிக்கெட் கிடையாது, ஏறி உட்கார வேண்டியதுதான். அந்த ஸ்டேஷன் 1914ல் கட்டியது, இடிக்காமல் விட்டிருக்கிறார்கள், ரயிலும் வருகிறது. 2025 அக்டோபரில் டிராமை இன்னும் மூன்றரை மைல் தெற்கே பல்கலைக்கழகம்வரை நீட்டியும் விட்டார்கள். அந்தக் கோட்டின் மேல் இருந்தால் அருமையான வாழ்க்கை. ஆனால் ஊர் 300 சதுர மைலுக்கு மேல், கோடு ஆறு மைல். மருமகன் அனுப்பிய கோப்பில் ஆபீஸ் விலாசத்தைப் பார்த்தேன். ஓவர்லேண்ட் பார்க். கன்சாஸ் சிட்டி இருப்பது மிசௌரி மாநிலத்தில், இது எல்லையைத் தாண்டி கன்சாஸ் மாநிலத்தில், டிராமுக்குச் சம்பந்தமே இல்லாத இடம். வாரநாளில் அவனுக்கு அந்த டிராம் தொலைக்காட்சியில் பார்க்கிற டிராம்தான். இருந்தாலும் சின்சினாட்டிக்கு இது தேவலை. அங்கே 1920களில் இரண்டு மைலுக்குச் சுரங்கம் வெட்டிவிட்டு, இன்றுவரை ஒரு ரயிலைக்கூட அதில் விடவில்லை.

கொலம்பஸும் அப்படியே இருக்கவில்லை. 2024 நவம்பரில் விற்பனை வரியை அரை சதவீதம் கூட்டி விரைவுப் பேருந்துத் தடங்களும் நடைபாதைகளும் போட மக்கள் ஓட்டுப் போட்டார்கள். நானும் போட்டேன். என் வாழ்க்கையில் வரி கூடட்டும் என்று சந்தோஷமாக ஓட்டுப் போட்டது அது ஒன்றுதான். அதே வருஷம் முக்கியச் சாலைகளையொட்டிக் கட்டடம் கட்டினால் இத்தனை கார் நிறுத்துமிடம் கட்டாயம் என்ற விதியையும் நகர மன்றம் எடுத்துவிட்டது. எங்கள் ஏழு தடச் சாலைக்கு இது எப்போது வந்து சேருமோ.

உண்மையில் என் தப்பு ஊரில் இல்லை என்றுகூட இப்போது தோன்றுகிறது. இதே கொலம்பஸில் ஹை ஸ்ட்ரீட் ஓரமாகக் கிளின்டன்வில் பகுதியில் அன்றைக்கு வீடு வாங்கியிருக்கலாம். பழைய வீடு, ஒரு படுக்கையறை குறைவு, பள்ளி மதிப்பெண்ணும் இரண்டு குறைவு. வாசலுக்கு வந்தால் நடைபாதை, இரண்டாம் நம்பர் பஸ், நடக்கிற தூரத்தில் நூலகம். அந்த வீட்டை நாங்கள் போய்ப் பார்த்தோம். கார் ஷெட் சின்னது என்று நான்தான் வேண்டாம் என்றேன்.

இதையெல்லாம் மருமகனுக்குப் போனில் சொன்னேன். ஊரை விடு, தெருவைப் பார் என்றேன். பொறுமையாகக் கேட்டான். "சரி மாமா, ஆனா ஹை ஸ்ட்ரீட்ல வாடகை முன்னூறு டாலர் ஜாஸ்தி" என்றான். அவன் சொல்வதும் நியாயம்தான். கல்விக் கடன் இருக்கிறது, அக்காவுக்குப் பணம் அனுப்ப வேண்டும். இருபத்தி நாலு வயசில் யார்தான் தாத்தாவின் காலை வைத்து வீடு பார்ப்பார்கள்?

நேற்று ராத்திரி அவனிடமிருந்து ஒரு செய்தி. தாத்தாவோடு பேசினானாம். அவருக்கு இப்போது 76, முழங்கால் ஒத்துழைக்கவில்லை, இனிமேல் வரப்போவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் விசாரித்திருக்கிறார். "மாமா, தாத்தா கேக்கச் சொன்னாரு. அந்த ரெண்டாம் நம்பர் பஸ் ஞாயித்துக்கிழமையும் உண்டா? எத்தனை நிமிசத்துக்கு ஒண்ணு?"

கால அட்டவணையைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.